காலர் இல்லாத சட்டை

பத்தொன்பது வருஷமாக நான் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டை தைக்கிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். காலர் வைக்கிறேன், அவ்வளவுதான். பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரி. ஒரு லைனில் நாற்பது மெஷின். கை வைப்பவள் கை மட்டும் வைப்பாள், பாக்கெட் அடிப்பவள் பாக்கெட் மட்டும் அடிப்பாள். என்னிடம் வரும்போது அது கழுத்தில்லாத சட்டை. நான் காலரை வைத்துத் தள்ளிவிட்டால் அடுத்தவளிடம் போய்விடும். அப்புறம் அது எந்த நாட்டில் யார் உடம்பில் ஏறுகிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் எட்டாம் நம்பர் மெஷின் சாந்தகுமாரி என்றால் சூப்பர்வைசர்கூட வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவான். என் காலரில் ஒரு சுருக்கம் இருக்காது.

இது என் மகள் கிருத்திகாவுக்குத் தெரியாது. 'எங்கம்மா சட்டை தைக்கிறவங்க' என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, "உன் கையால எனக்கு ஒரு யூனிபார்ம் சட்டை தைச்சுக் குடும்மா" என்று பிடிவாதம் பிடித்தாள். வீட்டில் மெஷின் இல்லை, பேக்டரியிலேயே தைத்துக்கொண்டு வருகிறேன் என்று சமாளித்தேன். சிவாஜிநகரில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, கழுத்துக்குப் பின்னால் இருந்த லேபிளைப் பிளேடால் பிரித்து எடுத்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஈஜிபுராவில் எங்கள் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தச் சட்டையைப் பார்த்தாலே எனக்குக் கூசும். ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை, பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

இந்தக் கோடையில் கிருத்திகாவின் ஆபீஸில் ஒரு மலைக் கேம்ப்புக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு வாரம், கைவேலை கற்றுக்கொள்ளலாம், குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் லைனுக்கோ அடுத்த ஆர்டர் வரும்வரை வேலையில்லை.

"நீ போம்மா. நீ பார்க்காத தையலா?" என்றாள். "அப்படியே எனக்கு ஒரு சட்டை தைச்சுட்டு வா. அந்த சிக்ஸ்த் சட்டைக்கப்புறம் நீ எனக்கு ஒண்ணுமே தைக்கல. பஸ்ல கம்பியப் புடிச்சா இழுக்காத மாதிரி தை. இப்ப இருக்கிற டாப்ஸ் எல்லாம் கையத் தூக்குனா மேல ஏறிக்குது. ஞாயித்துக்கிழமை நானே வந்து உன்னக் கூட்டிட்டு வரேன்."

சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன் சொன்ன பொய் இப்போது அளவெடுத்துக்கொண்டு வந்து நின்றது. பையில் துணிமணிகளுக்கு அடியில் அந்த வெள்ளைச் சட்டையையும் திணித்தேன்.

கேம்ப் சிக்கபள்ளாபுரம் தாண்டி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கி, வழியில் எல்லோரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலே போய்த் தலையைத் தூக்கியதும் திட்டு நின்றுவிட்டது. எதிரில் மலை. ஒரே கல். ஈஜிபுராவில் என் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியும். இங்கே வானத்தில் பாதியை ஒரே கல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் எதைப் பார்த்தாலும் முதலில் தையல் எங்கே ஓடுகிறது என்றுதான் பார்ப்பேன். இவ்வளவு பெரிய பொருள், அதில் ஒரு தையல்கூட இல்லை! அங்கேயே பையை வைத்துவிட்டு நின்றேன்.

கேம்ப்பை நடத்துகிற ரக்ஷிதா முப்பது வயதுப் பெண். கன்னடக்காரி, தமிழும் பேசுவாள். மண் சுவர்க் கொட்டகை, மர பெஞ்சுகள், பெயருக்கு இரண்டு சோலார் விளக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் ஒரு பொருளை முழுசாகச் செய்து முடிக்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். என் கையில் இரண்டரை மீட்டர் கைத்தறித் துணியும் ஒரு ஊசியும் கொடுத்தாள்.

"மெஷின் எங்கம்மா?"

"மெஷின் பேடா ஆன்ட்டி, வேண்டாம். இங்க எல்லாம் கைதான்."

எனக்கு முழி பிதுங்கியது. ஆனால் காட்டிக்கொள்வேனா? துணியின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, தெரிந்ததைத் தைத்தேன். ஊசி மெதுவாகத்தான் போனது, ஆனாலும் விரல்களுக்கு முனை எங்கே திரும்பும் என்று தெரியும். சாயங்காலத்துக்குள் ஒரு காலர் தயார். கத்தி மாதிரி இரண்டு முனை. ரக்ஷிதா "அய்யோ, எஷ்டு சென்னாகிதே! எவ்ளோ நல்லா இருக்கு!" என்று அதை வாங்கி, எல்லோரும் பார்க்கிற மாதிரி முன்பலகையில் குத்தி வைத்தாள். சாஃப்ட்வேர்க்காரர் ராஜேஷ்குமார், மண்பானை செய்ய வந்தவர், போட்டோ எடுத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, நீங்க எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுக்கலாம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிவரைதான் அந்த சந்தோஷம்.

பேக்டரியில் துணி எனக்கு வெட்டித்தான் வரும். வெட்டுகிற செக்‌ஷன் வேறு மாடியில். நான் குத்துமதிப்பாக மகளின் முதுகை நினைத்துக்கொண்டு பின்பக்கத்தை வெட்டினேன். தைக்கிற இடத்துக்கு ஓரத்தில் துணி விட வேண்டும் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் யாரோ விட்டு வைத்த ஓரத்தில் தைத்தவள் நான். வெட்டியதைப் பார்த்தால் பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் ஆகும். மறுபடி வெட்டினேன். துணியில் பாதி போய்விட்டது. பானை மூன்றாம் முறையாக உட்கார்ந்துவிட்ட சோகத்திலும் ராஜேஷ்குமார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பானையப் பாருங்க சார்" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தேன். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தையலாக, துணி கிழியாமல். மத்தியானத்துக்குள் அது துண்டு துண்டாகிவிட்டது. காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு கல்லை வைத்தேன். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம், தோள், கை இரண்டு. காலரை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

கைத்துண்டைப் பார்த்துத்தான் அசந்து போனேன். கை என்றால் நீளமான துண்டு என்று நினைத்திருந்தேன். அதன் தலை மேடாக எழுந்து வளைந்து இறங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் மலையும் அதே மாதிரி எழுந்து வளைந்து இறங்குகிறது. உடம்பில் கை நுழைகிற ஓட்டையோ பள்ளமாக வளைந்திருந்தது. அந்த மேடு இந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். நூலை வைத்து இரண்டையும் அளந்தேன். மேடு இரண்டு விரல் நீளம் அதிகம். திரும்ப அளந்தேன். அதிகம்தான். அதிகமாக இருக்கிற துணி குறைவாக இருக்கிற ஓட்டையில் எப்படி அடங்கும்? அந்தத் துண்டுகளையே மாதிரியாக வைத்து, மகள் அளவுக்குப் பெரிதாக்கி, ஓரமும் விட்டு மிச்சக் கைத்தறியை வெட்டிச் சேர்த்துப் பார்த்தேன். சுருக்கம் வைத்தால் பாவாடை மாதிரி ஆகிவிடும். இழுத்துத் தைத்தால் கோணிக்கொள்கிறது. நாலாம் நாள் காலை முழுவதும் தைப்பதும் பிரிப்பதுமாகவே போனது. மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நிற்கப் போகிறேன் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாலு பேர் உட்காருகிற பெஞ்ச். நாலு பேர் இருந்தோம். ரக்ஷிதா தட்டோடு வந்து நின்று, பெங்களூரில் பஸ்ஸுக்குப் பஸ் கேட்கிற அதே வார்த்தையைச் சொன்னாள்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தோம். ஒருவர்மேல் ஒருவர் விழவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. ஐந்தாவது ஆள் உட்கார்ந்துவிட்டாள். என் கையில் இருந்த களி உருண்டை அப்படியே நின்றுவிட்டது.

தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். மேட்டின் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்து, எல்லாத் தையலுக்கும் நகத்தின் விளிம்பளவு துணியைப் பங்கிட்டேன். எந்தத் தையலும் அதிகம் வாங்கவில்லை, எந்தத் தையலும் சும்மா இருக்கவில்லை. சுற்றி வந்து சேர்த்தபோது இரண்டு விரல் துணியும் போன இடம் தெரியவில்லை. உள்ளே கையை விட்டுத் தூக்கிப் பார்த்தேன்.

தோள்! தட்டையாக மடியில் கிடந்த துணி உருண்டு தோளாக எழுந்து நின்றது. உள்ளே ஆளே இல்லை, ஆனாலும் ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. லட்சக்கணக்கான சட்டைகள் என் கை வழியாகப் போயிருக்கும், ஒவ்வொன்றிலும் இந்த அதிசயம் நடந்திருக்கிறது, என்னிடமிருந்து நாலு மெஷின் தள்ளி. ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்று முழுவதும் அந்தத் தோளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ராஜேஷ்குமார்கூடக் கிண்டல் செய்யவில்லை, பக்கத்தில் வந்து நின்று அவரும் பார்த்தார்.

சனிக்கிழமை காலர் தவிர எல்லாம் முடிந்தது. ரக்ஷிதாவுக்கும் என் மகளின் உடம்புவாகுதான், அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "பஸ் கம்பியப் புடிக்கிற மாதிரி கையத் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். சட்டை முழுசும் இடுப்பைவிட்டு மேலே ஏறியது. அக்குளில் துணி போதவில்லை. மகள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அக்குளுக்கு அடியில், தையல்கள் கூடுகிற இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் வைத்தால் சரியாகிவிடும். அது எனக்கே தோன்றியது. ஆனால் துணி? குப்பைக்கூடை வரை கிளறினேன். நூல்தான் மிச்சம். கேட்டால் ரக்ஷிதா வேறு துணி கொடுத்திருப்பாள், ஆனால் அது வேறு நிறம். அப்போதுதான் முன்பலகையைப் பார்த்தேன். கத்தி முனையோடு என் காலர் குத்தியிருந்தது. இரண்டு அடுக்குத் துணி. அடுக்குக்கு ஒரு சதுரம், அக்குளுக்கு ஒன்று.

போய் ஊசியைப் பிடுங்கிக் காலரை எடுத்தேன்.

"ஆன்ட்டி, பேடா! அதப் போயி பிரிக்கிறீங்களா?" என்று ரக்ஷிதா பதறினாள்.

"இதுல ஒண்ணும் புதுசில்லம்மா. நான் தினமும் நானூறு வைக்கிறேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கத்திரியை எடுத்தும் வெட்டாமல் நின்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் வெட்டிவிட்டால் இந்தச் சட்டையில் சாந்தகுமாரி என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? கண்ணை மூடித் திறந்து கத்திரியை வைத்தேன். மிச்சத் துண்டில் கழுத்துக்கு ஒரு மெல்லிய பட்டி வைத்து முடித்தேன்.

ஞாயிறு மத்தியானம் கிருத்திகா வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தாள். சட்டையைப் பார்த்ததும் அப்படியே டீ-ஷர்ட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டாள். தோள் அவள் தோளில் போய் உட்கார்ந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"காலர் எங்கம்மா?"

"அக்குள்ள இருக்கு."

"என்னது?"

சிரிக்க ஆரம்பித்தவளின் கையில் வெள்ளைத் துண்டுகளின் மூட்டையை வைத்தேன்.

"இது உன் சிக்ஸ்த் சட்டை. இத நான் தைக்கல கிருத்தி. கடைல வாங்கி லேபிளப் பிரிச்சுட்டேன். எனக்குக் காலர் மட்டும்தான்டி வைக்கத் தெரியும். இந்த வாரம் வரைக்கும் நான் ஒரு முழு சட்டை தைச்சதே இல்ல."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே நானு" என்றாள். மூட்டையைத் தன் பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் மலையிறங்கினாள். சட்டையை மட்டும் கழற்றவில்லை.

பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது. என்னை உட்கார வைத்துவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவனஹள்ளி போனது, எலஹங்கா போனது, அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெப்பாளில் பிரேக் அடித்தபோது இன்னொரு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்தாள். பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். சட்டை அசையவில்லை. கைகளை இறக்கி, மறுபடி தூக்கி, மறுபடி பார்த்தாள்.

"இழுக்கலம்மா."

நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் இருந்தபோது எல்லோரும் பார்த்த காலர், இப்போது அவள் தூக்கிய கைகளுக்கு அடியில் இரண்டு சின்னச் சதுரமாக விரிந்திருந்தது. அந்த பஸ்ஸில் அதை யாரும் பார்க்கவில்லை. நான் மலையைப் பார்த்த மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

மெஜஸ்டிக் வரும்போது அவள் என் பக்கம் குனிந்தாள்.

"இது ஃபுல்லா நீயேவா தைச்சே?"

"ஃபுல்லா நானேதான்."