இல்லாத பழம்

அச்சகத்தில் அவருக்கு அகராதி என்று பெயர். பிழை திருத்துகிறவர் என்பதால் பாதி, யார் வாயைத் திறந்தாலும் குறுக்கே விழுந்து திருத்துவதால் மீதி. முதலாளியின் கல்யாணநாள் வாழ்த்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டுக் கொடுத்த மனிதர். தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தங்கையும் அவள் கணவரும் அவரோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தங்கை விடியற்காலையிலேயே பேக்கரி வேலைக்குக் கிளம்பிவிடுவதால், காலைச் சாப்பாடு அண்ணன் பொறுப்பு. ஆஸ்பத்திரி கொடுத்த 'தவிர்க்க வேண்டியவை' தாளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் வீட்டுப் பக்கமே அண்டவிடவில்லை.

ஸ்டார் ஃப்ரூட் அந்தத் தாளில் இல்லை. பக்கத்து வீட்டு மரத்தில் அந்த ஐந்து மூலைப் பழம் கொத்துக் கொத்தாகப் பழுத்துக் கிடந்தது. உடம்புக்கு நல்லதென்று எங்கோ படித்திருந்தார். தங்கை போனதும் தினமும் நான்கு பழம் அரைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். குணம் தெரிந்தபின் அவளிடம் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்கு விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

"யாரோ விடாம நினைக்கிறாங்க மாப்ளே."

"உங்க தங்கச்சி இல்ல மச்சான். அவ நினைச்சா விக்கல் வராது, ஃபோன்தான் வரும்."

மதியம் வாந்தி. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மச்சானைப் பார்த்து, "நீங்க யாரு சார்?" என்றார். அகராதி ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கை வேலை உடுப்போடே ஓடி வந்தாள். டாக்டரம்மா விக்கலைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுக் கேட்டாள்.

"ஸ்டார் ஃப்ரூட் சாப்பிட்டாரா?"

"இல்லீங்களே, தாள்ல இருக்கிறதைத் தாண்டி எங்கண்ணன் எதுவும் கொடுக்கமாட்டாரு," என்றாள் தங்கை, பெருமையாக.

அகராதி அவளைத் திருத்தவில்லை. சொன்னால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நல்லவேளை. நல்ல கிட்னின்னா அந்தப் பழத்தோட நஞ்சை வெளியே தள்ளிடும். இவங்களுக்கு நேரா மூளைக்குப் போயிடும். அதான் தாள்லயே கரம்போலான்னு போட்டிருக்கோம். அதோட இன்னொரு பேரு அது."

அகராதிக்கு அந்தச் சொல் நினைவிருந்தது.

அந்தத் தாள் அவர் அச்சகத்தில்தான் அச்சானது, இரண்டு மாதத்துக்கு முன்பு. பட்டியலில் 'கரம்போலா' என்று ஒரு சொல். பிழை திருத்தும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. தாளின் அடியில் உணவு ஆலோசகரின் ஃபோன் எண் இருந்தது. கேட்டது தெரிந்தால், 'அகராதிக்கே தெரியலையா' என்று அச்சகத்தில் சிரிப்பார்களே. இப்படி ஒரு பழமே கிடையாது, தட்டச்சுப் பிழை என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு ஒரே கோடாக அடித்துவிட்டார். இரண்டாயிரம் பிரதி.

டாக்டரம்மா சுவரில் ஒட்டியிருந்த தாளில் விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. "எங்க போச்சு? நாங்க எழுதினோமே..."

மாப்பிள்ளையின் கை வெட்டி இழுத்தது.

"நான்தாம்மா," என்றார் அகராதி. "பழத்தைக் கொடுத்ததும் நான்தான், மூணு நாளா. அந்த வார்த்தையை அடிச்சதும் நான்தான். பிழைன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா அவரைத் திட்டக்கூட நிற்கவில்லை. உடனே டயாலிசிஸ் மெஷினைத் தயார் பண்ணச் சொல்லிக் கத்திக்கொண்டே கட்டிலைத் தள்ளினாள். போகிற போக்கில் நர்ஸிடம், "தாள் வாங்கின எல்லாருக்கும் இப்பவே ஃபோன் போடுங்க," என்றாள்.

சாயங்காலம் விக்கல் நின்றது. மாப்பிள்ளை மனைவியை அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். இன்னும் இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். நடைபாதையில் நர்ஸ் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, "வீட்ல ஸ்டார் ஃப்ரூட் கொடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பதிலையும் அகராதி காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல அண்ணா?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"யார் முன்னாடி? அந்த ரூம்ல நீ மட்டும்தானே இருந்த?"

நர்ஸ் அடுத்த எண்ணை அழுத்தினாள்.