விலகிப் போகும் கம்பிகள்

இராஜம்மா டீச்சர் உயரத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார். மாரியாயிக்கும் நாச்சம்மைக்கும் நடுவே இருந்ததை அவர் அறிந்திருந்தால், அவர்களைச் சேர்த்து ஏற்றியிருக்கவே மாட்டார்.

அன்று பள்ளியின் வெளிப்புறக் கல்வி நாள். கிள்ளானிலிருந்து நான்காம் படிவப் பெண்கள் பஸ் ஏறி உலு லங்காட் காட்டோரத்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு மாடி உயரத்தில், மரத்துக்கு மரம் கயிறும் கம்பியும் இழுத்துக் கட்டியிருந்த இடம் அது.

"மாரியாயி, நாச்சம்மை. அடுத்து நீங்க ரெண்டு பேரும்."

வேறு ஜோடி கேட்டால் டீச்சர் கொடுப்பார். ஆனால் ஏன் என்று கேட்பார். அதனால் மாரியாயி கேட்காமலே முன்னே வந்தாள்.

போன வருஷம் நாச்சம்மையின் பிறந்தநாளுக்கு அவள் மற்ற தோழிகளோடு போயிருந்தாள். எல்லோருக்கும் கண்ணாடி கிளாசில் சிரப் வந்தது. அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். கிளாஸ் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாயசமும் அப்படியே வந்தது. கை கழுவப் போனபோது, நாச்சம்மையின் அத்தை அந்தக் கப்பை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போடுவதைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நாச்சம்மையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

காரணத்தை யாரும் மாரியாயிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்து லோரி ஓட்டிக் களைத்துப் பண்டமாரான் வீட்டுக்கு வரும் அப்பாவிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. நாச்சம்மையோடு பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

'தப்புப் பண்ணது நான் இல்ல. நான் எதுக்கு விலகணும்?' இடுப்பு வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

மேலே பயிற்சியாளர் விஜயன் நின்றிருந்தார். "ஒரே மரத்துல இருந்து ரெண்டு கம்பி கெளம்புது, பாருங்க. போகப் போக விலகிரும். ஆளுக்கு ஒரு கம்பி. உள்ளங்கையோட உள்ளங்கைய வச்சு, ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டே பக்கவாட்டுல நடக்கணும். தனியா நிக்கப் பாத்தா விழுந்துருவீங்க. விழுந்தா கயிறு புடிச்சுக்கும், பயப்படாதீங்க லா."

நாச்சம்மை கையை நீட்டினாள். மாரியாயி விரல்நுனியை மட்டும் வைத்தாள். நாலு எட்டுகூடப் போகவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்து, கயிற்றில் ஊஞ்சலாடினார்கள். கீழே சிரிப்பு. அதற்கு முன் ஏறியவர்களும் பாதித் தூரம்கூடப் போகவில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மறுபடியும் ஏறுறோம்" என்றாள் மாரியாயி.

இம்முறை உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். நாச்சம்மையின் கை வியர்த்துச் சில்லிட்டிருந்தது. கம்பி காலடியில் நடுங்கியது. பாதி தாண்டியதும் இருவர் உடம்பும் கூரை மாதிரி ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. கீழே தோழிகள் "போலே! போலே!", முடியும், முடியும் என்று மலாயில் கத்தினார்கள்.

அப்போது நாச்சம்மை கிசுகிசுத்தாள்: "மாரி, அன்னைக்கு நான் பாத்தேன்டி. ஸாரி."

மாரியாயியின் கை தானாகவே பின்னுக்கு வந்தது. இருவரும் விழுந்தார்கள். நாச்சம்மையின் முழங்கால் கம்பியில் உரசிச் சிராய்த்தது.

கயிற்றில் தொங்கியபடி மாரியாயி கொதித்தாள். எல்லோர் எதிரிலும் நடந்ததற்கு, யாருக்கும் கேட்காத இடத்தில் ஒரு ஸாரியா?

"போதும்மா, மழை வர்ற மாதிரி இருக்கு. மத்தவங்களும் ஏறணும்ல?" என்றார் டீச்சர்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, டீச்சர். ப்ளீஸ்."

விஜயன் நாச்சம்மையின் முழங்காலைப் பார்த்தார். "உன்னால முடியுமா?"

நாச்சம்மை மாரியாயியைப் பார்த்தாள். "போறேன்."

மூன்றாவது முறை. "பேசாதே. கீழ பாக்காதே. என் மூஞ்சியைப் பாரு" என்றாள் மாரியாயி. அத்தனை மாதமாகத் தவிர்த்து வந்த முகத்தை அவளும் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. நாச்சம்மையின் கண்ணும் நகரவில்லை.

"போற பக்கத்துக் கால். ம். இப்ப மத்த கால்." கம்பிகள் விலக விலக உடம்புகள் தாழ்ந்தன. மாரியாயிக்குத் தோள்பட்டை தீயாய் எரிந்தது. நாச்சம்மையின் முழு எடையும் தன் கையில் இருந்தது. தன் எடையும் அவள் கையில் இருந்தது. கையை எடுத்தால் இருவரும் போவார்கள். அவள் எடுக்கவில்லை.

கம்பிகள் முடியும் இடத்தில் ஆளுக்கொரு மரம். ஆனால் சாய்ந்த உடம்பை நிமிர்த்தினால்தான் மரத்தைப் பிடிக்க முடியும்.

"நான் சொன்னதும் பலமா தள்ளு. நானும் தள்ளுறேன். தள்ளு!"

தள்ளினார்கள். இரண்டு பேரும் நிமிர்ந்து, தடுமாறி, தத்தம் மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். கீழே கைதட்டல் வெடித்தது.

மூச்சு அடங்கியதும் மாரியாயி எதிர் மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இப்ப சொல்லு."

"என்னது?"

"நடுவுல சொன்னியே, அதை. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நாச்சம்மை கீழே பார்த்தாள். வகுப்பே அண்ணாந்து நின்றது. அவள் மரப்பட்டையில் நெற்றியை ஒருமுறை அழுத்தினாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"என் பிறந்தநாளுக்கு வந்தப்ப, எங்க வீட்டுல மாரியாயிக்கு மட்டும் தனிக் கப்புல குடுத்தாங்க! அவ குடிச்சதைத் தூக்கிப் போட்டாங்க! நான் பாத்துக்கிட்டு சும்மா நின்னேன்! அது தப்பு!" மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "எங்க வீடு பண்ணதும் தப்பு, நான் நின்னதும் தப்பு!"

தமிழ் தெரிந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியாத பெண்கள் என்னவென்று அவர்களிடம் கேட்டார்கள். இராஜம்மா டீச்சர் வாய்வரை கொண்டுபோன விசிலை மெல்ல இறக்கினார்.

மாரியாயிக்குக் கண் கலங்கியது. அழுகையா, கோபமா, இறுக்கம் தளர்ந்ததா என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை. மன்னித்துவிட்டோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை, இன்னும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

முதல் மழைத்துளிகள் இலைகளில் விழுந்தன. கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர், "இறக்கவா தங்கச்சி?" என்று கேட்டார்.

மாரியாயி மரத்துக்கு அப்பால் பார்த்தாள். அங்கே இரண்டு மரங்களிலிருந்தும் ஆளுக்கொரு கட்டைப் பாலம், கயிற்றில் தொங்கியபடி அடுத்த மரம்வரை ஆடிக்கொண்டிருந்தது.

"இறக்க வேணாம் அண்ணே. மழை பெருசாகுறதுக்குள்ள அதையும் முடிச்சிடுறேன்."

"நானும் வரட்டா?" எதிர் மரத்திலிருந்து நாச்சம்மை கேட்டாள்.

மாரியாயி கொஞ்சம் யோசித்தாள்.

"அது உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, முதல் கட்டையில் காலை வைத்தாள்.