மார்வா கேட்ட தண்ணீர்

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. ஓஷ்கோஷ் ஊரில் ஈட்டி பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் உறைந்த ஏரியின் மேல் குடில் போட்டு, பனியில் ஓட்டை அறுத்து, ஸ்டர்ஜன் மீன் வருமா என்று குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ட்வேன் கிராவ்ஸ்கி மட்டும் ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டியைக் கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு சர்ச் கூடத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் விட்டு வளர்க்கும் உயிர்ப்பவளங்களின் சந்தை வருஷம் தவறாமல் அங்கேதான் கூடும்.

"என் அண்ணன் போன் பண்ணான். ஏரிக்கு வராம உன் புருஷன் பூ வாங்கப் போறானாமேன்னு சிரிக்கிறான்," என்றாள் பக்கத்தில் இருந்த ஜோலீன். அவள் காலடியில் ஐஸ்பெட்டி.

"அது பூ இல்ல. உசுருள்ள பிராணி."

"சரி, பூ மாதிரி பிராணி. அதுக்குத்தான் ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தியா? எனக்கு வலி எடுத்தன்னைக்குக்கூட குறட்டை விட்டவன் நீ."

ட்வேன், ஐம்பது வயதுக்காரன், ஊரிலுள்ள ஹீட்டர்களையெல்லாம் பழுதுபார்க்கிறவன், பரீட்சைக்குப் போகும் பையனைப் போல வியர்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் மார்வா ஹெய்ன்ஸின் சிவப்புப் பூந்தொட்டிப் பவளத்துக்காகத்தான். பார்த்தால் வெறும் கல். அந்தக் கல்லிலிருந்து நீளக் கழுத்துப் பூக்கள் கொத்துக்கொத்தாய்ப் புறப்பட்டு நீரில் ஆடும். விரல் பட்டால் நொடியில் உள்ளே போய்விடும். கடையில் வாங்கி வைத்தால் நாலைந்து மாதம் ஜோராக இருக்கும். பிறகு கழுத்து குட்டையாகிக்கொண்டே வரும். கடைசியில் கல் மட்டும் மிஞ்சும். ட்வேன் அப்படி இரண்டு பவளங்களுக்குக் காரியம் செய்தவன். டயர்கடை நடத்தும் மார்வா பாட்டி வீட்டிலோ அது அவர் பேரன் பிறப்பதற்கு முன்பிருந்தே வாழ்கிறது, பூசணி அளவுக்குப் பருத்தும்விட்டது.

வருஷத்துக்கு ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு ஆளுக்கு. அதுதான் மார்வாவின் சட்டம். கேட்கிறவன் தன் தொட்டித் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவர வேண்டும். அவர் அதில் சோதனைச் சொட்டுமருந்து விட்டுப் பார்ப்பார், மீன் கழிவு இருந்தால் நீர் சிவக்கும். "ம்" என்றால் உண்டு, "இல்ல" என்றால் இல்லை. காரணம் சொல்லமாட்டார். சில வருஷமாகவே எல்லாருக்கும் "இல்ல"தான். துண்டு அவரோடேயே வீடு திரும்பும்.

தண்ணீர் சுத்தம் போதவில்லை என்று ஊரே முடிவு கட்டியது. அடுத்த சந்தைக்குள் வடிகட்டி மாற்றினார்கள், கண்ணாடியைத் தேய்த்தார்கள், மீன்களைப் பட்டினி போட்டார்கள். ட்வேனும் போட்டிருப்பான். ஜோலீன் இருக்கும் வீட்டில் அது நடக்குமா? அவர்கள் தொட்டியில் பட்டர் என்று ஒரு மஞ்சள் மீன் இருந்தது. துணி துவைக்க நிலவறைக்கு இறங்கும்போதெல்லாம் ஜோலீன் அதற்கு ஒரு சிட்டிகை தீனி போடுவாள். அவள் சிட்டிகை என்பது நம் கைப்பிடி. பட்டர் கன்னுக்குட்டி மாதிரி கொழுத்திருந்தது, தண்ணீரும் அதற்கேற்றபடிதான் இருந்தது. அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி அந்தத் தீனி டப்பாவைப் பற்றியதுதான்.

ஆகவே ட்வேன் விடிவதற்கு முன்பே எழுந்து, யாருக்கும் தெரியாமல், வடிகட்டிய நீரில் புது உப்புப்பொடியைக் கலக்கிப் புட்டியில் நிரப்பிவிட்டான். வாங்கும் பவளம் வழியிலேயே வீட்டுத் தண்ணீருக்குப் பழகட்டும் என்று, ஐஸ்பெட்டியைத் தொட்டித் தண்ணீரால் நிரப்பும் வேலையை மட்டும் ஜோலீனிடம் விட்டிருந்தான்.

கூடத்துக்குள் காப்பி வாசனை, வறுத்த சாசேஜ் வாசனை, மேஜைக்கு மேஜை நீல விளக்கு. கிழவர்கள்கூட நீல வெளிச்சத்தில் நிறம் பிரித்துப் பார்க்க ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மிட்டாய்க்கடை முன் நிற்கும் குழந்தைகளாய்த் தொட்டிகளில் முகம் புதைத்திருந்தார்கள். ட்வேனுக்கு எதிலும் கண் நிற்கவில்லை. மூலை மேஜையில், கண்ணாடி ஜாடிக்குள், அது ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு.

"ஏய், மூச்சு விடு," என்றாள் ஜோலீன்.

வரிசையில் அவனுக்கு முன்னால் மேடிசன் நகரத்திலிருந்து வந்த பல் டாக்டர். மார்வா சொட்டு விட்டார், குலுக்கினார், பார்த்தார். "இல்ல." டாக்டர் முகம் தொங்க நகர்ந்தார்.

ட்வேன் புட்டியை நீட்டினான். மார்வா சொட்டு விட்டார், குலுக்கினார், வைத்தார். நீர் நிறம் மாறவே இல்லை. துளி அழுக்கில்லாமல் பளிங்காக நின்றது. கிடைத்துவிட்டது என்று ட்வேன் மனசுக்குள் குதித்தான். மார்வா இன்னொரு மருந்தை விட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, உன் தொட்டில மீன் இருக்கா?"

"இருக்குங்க."

"உசுரோடயா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இது இன்னைக்குக் காலைல பொறந்த தண்ணி. இதுல ஒரு மீன்கூட ஒண்ணுக்குப் போனதில்ல. என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?"

ட்வேன் காது வரைக்கும் சிவந்தான். ஜோலீனுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"அடப்பாவி! அதுக்குத்தான் இருட்டோட எந்திரிச்சியா? நான்கூட உனக்கு வயிறு சரியில்லன்னு நெனச்சேன்! அம்மா, எங்க தொட்டித் தண்ணி இங்கதான் இருக்கு. இருங்க."

அவள் ஐஸ்பெட்டி மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஜோலீன், வேண்டாம்!" பதறினான் ட்வேன். "அதைக் காட்டாதே, மானம் போயிரும்!"

"போறதுக்கு இன்னும் பாக்கி வச்சிருக்கியா?" என்று காப்பிக் கோப்பையால் மொண்டு நீட்டினாள்.

மார்வா சொட்டு விட்டார். குலுக்கினார். நீர் மெல்ல இளஞ்சிவப்பாகி, இன்னும் கொஞ்சம் சிவந்து நின்றது. ட்வேன் கண்ணை மூடிக்கொண்டான். இனி ஜென்மத்துக்கும் இந்த மேஜைப் பக்கம் வர முடியாது.

"மீனுக்குத் தீனி போடுறது யாரு?" என்றார் மார்வா.

தப்பிக்க வழி கிடைத்ததென்று ட்வேன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். "இவதாங்க! தலபாடா அடிச்சிக்கிட்டேன். அளவா போடு, அளவா போடுன்னு நூறு தடவை சொல்லியாச்சு. டப்பாவை ஒளிச்சு வச்சேன், கண்டுபிடிச்சுட்டா. பூட்டு போட்டேன், வேற டப்பா வாங்கிட்டா. எனக்கும் இந்த அழுக்குக்கும் சம்பந்தமே இல்லங்க!"

"நல்லது," என்றார் மார்வா. "அப்ப உனக்கும் இந்தப் பவளத்துக்கும் சம்பந்தம் இல்ல." ஜாடியைத் தூக்கி ஜோலீன் பக்கம் வைத்தார். "இது பசிக்கிற ஜாதிம்மா. சுத்தம் சுத்தம்னு எல்லாப் பயலும் இதைப் பட்டினி போட்டே கொல்றானுங்க."

பல் டாக்டர் ஓடி வந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? எல்லாரும் நாலு நாளைக்கு அழுக்காக்கிப் புட்டில கொண்டாந்திருப்பீங்க. சொல்லாமலே சோறு போடுற ஆளு வேணும் எனக்கு."

காசைக்கூட ஜோலீன் கையிலிருந்துதான் வாங்கினார். துண்டைப் பையில் இட்டு ஐஸ்பெட்டிக்குள் இறக்கிக்கொண்டே கேட்டார்: "இந்த ஆளும் உன்கூடத்தான் இருக்கானா?"

"ஆமாம்மா. ஹீட்டர் பார்ப்பான்."

"அப்ப இருக்கட்டும்."

திரும்பும் வழியில் ஜோலீன் பெட்டியை மடியில் வைத்துப் போர்வை சுற்றிக்கொண்டாள். ஏரி மேல் குடில்களில் விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். ட்வேனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெட்கமும் தாங்கவில்லை.

"அப்படி என்னத்துக்குத்தான் அந்த மீனுக்கு அள்ளி அள்ளிக் கொட்டுற?" என்று கேட்டான். இத்தனை நாள் சண்டைக்காகக் கேட்டதை, முதல் முறையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஜோலீன் போர்வையை இழுத்துவிட்டாள். "குளிர்காலம் பூரா நீ ஊர்ல இருக்குற ஹீட்டரோட குடும்பம் நடத்துற. வந்தா நிலவறைல அந்தக் கல்லுங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிற. துணி துவைக்க நான் இறங்குனா, அந்த மஞ்சள் கழுதை கண்ணாடிகிட்ட ஓடி வந்து என்னைப் பார்க்குது. அதான்."

ட்வேன் வண்டி ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டான்.

அன்று இரவு முழுக்க அந்தத் துண்டு கல்லாகவே கிடந்தது. மறுநாள் காலை ட்வேன் இறங்கியபோது நீல விளக்கின் கீழ் ஒரு பூ, ஒரே ஒரு பூ, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று முண்டியது. இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் தவம் கிடந்தான்! மற்ற நாளாக இருந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மதியம் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

வலுக்கட்டாயமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு படிக்கட்டை நோக்கிக் கத்தினான்.

"ஜோலீன்! ஓடி வா! நான் பார்க்கல, நீ வந்து மொதல்ல பாரு!"

அவள் இரவு உடையோடு தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் தீனி டப்பா. பட்டர் கண்ணாடிக்கு ஓடி வந்தது.

ட்வேன் தொட்டி மூடியைத் திறந்து, உள்ளங்கையை அவளிடம் நீட்டினான். "எனக்கும் கொஞ்சம் போடு."