ராகுகாலத்து ஊசி

பேச்சிச்செல்வியின் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்தது தூத்துக்குடி டாக்டர் இல்லை. அவள் புருஷன் சிவசுப்பிரமணியன். ஆதிச்சநல்லூர்ப் பக்கம் நாற்று நடவிலிருந்து நாய்க்கடி ஊசி வரை பஞ்சாங்கம் பார்த்தே செய்கிற மகா புத்திசாலி அவர். திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும்தான் கத்தி வைக்க வேண்டும் என்றுவிட்டார். வயிறு அவளுடையது என்றால் என்ன, கையெழுத்து அவருடையதாயிற்றே!

ஆபரேஷனுக்குப் பிறகு வலி தெரியாமலிருக்க, கத்திக்கு முன்னால் வயிற்று நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட மயக்க டாக்டர் இசபெல்லா வந்தார். சிவசுப்பிரமணியன் மறித்தார்.

"ராகுகாலத்துல உடம்புல இரும்பு படக்கூடாது டாக்டரம்மா. பொறவு போட்டுக்கிடலாம்."

"வலி கெளம்புததுக்கு முந்தியே போடணும் அண்ணாச்சி. வலை கிழிஞ்சு மீனு போன பொறவு முடிச்சுப் போட்டு என்ன செய்ய?" மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் பிறந்தவர் அப்படித்தான் கேட்பார்.

"எனக்கு இப்பமே போடுங்கம்மா," என்றாள் பேச்சிச்செல்வி. மகனை வயிற்றைக் கிழித்து எடுத்த பிறகு துடித்த துடிப்பை அவள் மறக்கவில்லை. அந்த வலி மறுபடி வரக்கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது. யார் காதில் விழுந்தது? கையில் ஏற்கெனவே ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. அது பிளாஸ்டிக் குழாயாம், ராகு கண்டுகொள்ள மாட்டாராம்.

ராகுகாலம் கழிந்தது. அடுத்த கேஸ் காத்திருக்க, சர்ஜன் ஊசிக்காக நிற்கவில்லை; அவளை மயக்கியதும் கத்தியை எடுத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து அவளை எழுப்புவதற்குள் போடலாம் என்றால், அதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது. தியேட்டர் வாசலில் சிவசுப்பிரமணியன் காவல்.

கண் விழித்தவளுக்கு அடிவயிறு தீயாய் எரிந்தது. ட்ரிப்பில் ஓடிய வலி மருந்து எந்த மூலைக்கும் போதவில்லை. இசபெல்லா ஊசியோடு வந்து நின்றார்.

"எம்மா, தாங்க முடியலியே!"

"கொஞ்சம் பொறு ளா. எமகண்டம் முடியட்டும்," என்று குறுக்கே வந்தார் சிவசுப்பிரமணியன்.

அவளுக்கு வந்ததே கோபம்! "நீங்க போடுங்க டாக்டரம்மா. இவுக நல்ல நேரம் பாத்துத் தாலி கட்டுன அன்னைக்கே எனக்கு எமகண்டம் பிடிச்சாச்சு. ஏங்க, வலி உங்களுக்கா எனக்கா? வெளிய போங்க!"

அவள் சேர்ந்தாற்போல் இத்தனை பேசி அவர் கேட்டதில்லை. போய்விட்டார். இசபெல்லா ஸ்கேனில் பார்த்து ஊசி போட்டார். வலி மெல்ல அடங்கியது.

வெகுநேரம் கழித்து அவர் எட்டிப் பார்த்தார். அவள் முகம் தெளிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், அவர் முகமும் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ளா? எமகண்டம் முடிஞ்சிட்டு, வலியும் போயிட்டு. நான் சொன்னா யாரு கேக்கா?"

பேச்சிச்செல்வி சிரித்தாள். தையல் போட்ட வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வலிக்கவே இல்லை.