வெள்ளை மூக்கு

அவ்வாவின் தலை மறுபடி சாய்ந்தது. ஷைலஜா அம்மாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்த, சடங்கு செய்ய வந்த ஐயனவர் பின்னாலிருந்து துணியைச் சுவரோடு இழுத்துக் கட்டினார். செத்தவர்கள் படுத்துக்கொண்டு போகும் வழக்கம் அவர்கள் சாதியில் கிடையாது. மண்ணுக்குள்ளும் உட்கார்ந்தே போக வேண்டும்.

"உசிரோட இருந்தப்ப ஒரு நாள் சாஞ்சு உக்காந்தவங்களா?" என்றார் ஐயனவர்.

அதற்குள் வாசலில் வாத்தியார்கள் கூட்டம். பெல்காம், கதக், ஹாவேரி என்று ஊர் ஊராகப் போய், பிரம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்த முகமாக வகுப்புக்குள் போங்கள் என்று அவ்வா பழக்கிவிட்டவர்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஷைலஜா தானேதான் வளர்ந்தாள், சித்தி வீட்டில்.

"அக்கோரு எனக்கு அம்மா மாதிரி," என்று கங்கவ்வா டீச்சர் விம்மினாள். வாத்தியாரம்மாவை அங்கே அக்கோரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஷைலஜா அடுப்படிக்குப் போனாள். மாதிரிகளெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து அழ, அசல் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தது.

போகட்டும், அவளுக்கென்று ஒன்று இருந்தது. ஊரிலிருந்து திரும்பும் நாட்களில் அவ்வா வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, சாக்பீஸ் ஒட்டிய விரலால் அவள் மூக்கு நுனியைத் தொடுவாள். "வெள்ளை மூக்கி, வந்துட்டேண்டி." அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

காபியை நீட்டும்போது கங்கவ்வா சொல்லிக்கொண்டிருந்தாள். "மொத நாள் கிளாசுக்குள்ள போகப் பயந்து வராந்தாவுல நின்னேன். அக்கோரு சாக்பீஸ் விரலால மூக்க ஒரு தொடு தொட்டாங்க. 'வெள்ளை மூக்கி, இப்படியே உள்ள போ, பிள்ளைங்க சிரிக்கட்டும்'னாங்க."

"உங்களுக்குமா? எனக்கு மட்டும்னு நெனச்சேன்," என்றார் வழுக்கைத்தலை மாஸ்டர் ஒருவர். இழவு வீட்டில் நாலைந்து பேர் சிரித்தேவிட்டார்கள்.

"குடுத்துவெச்சவங்க நீங்க. வீட்ல தினமும் நடந்திருக்கும்," என்றாள் கங்கவ்வா.

"எங்க வீட்ல சாக்பீஸ் கிடையாது," என்றாள் ஷைலஜா.

கங்கவ்வா காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

எடுக்கும் நேரம் வந்தது. "மக மொதல்ல வாம்மா," என்று ஐயனவர் விபூதித் தட்டை நீட்டினார். ஷைலஜா குந்தி உட்கார்ந்தாள். நெற்றியில் மூன்று கோடு இழுத்தாள். பின்னால் வாத்தியார்கள் வரிசையாக நின்றார்கள், அத்தனை பேரும் வெள்ளை மூக்குக்காரர்கள். அவ்வாவின் மூக்கில் மட்டும் யாரும் எதுவும் வைத்ததில்லை.

விரலில் மிச்சம் சாம்பல் இருந்தது. அவ்வாவின் மூக்கு நுனியைத் தொட்டாள்.

கை தவறிவிட்டதென்று நினைத்து ஐயனவர் துடைக்கத் துணியை எடுத்தார்.

"இருக்கட்டும். நெத்தில எல்லாரும் வைங்க. மூக்க யாரும் தொடக் கூடாது."

கங்கவ்வா நெற்றியில் மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்து மாஸ்டர் வந்தார். வரிசை முடியும்வரை ஷைலஜா அவ்வாவின் தாடையைத் தாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.