ஏறாத பின்சீட்டு

அமுதவள்ளிக்கு பஸ்ஸில் பயமில்லை, ரயிலில் பயமில்லை. இரண்டு சக்கரம் என்றால் மட்டும் கைகால் உதறும். மகன் கார்முகில் இறையியல் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு பழைய பைக் வாங்கினான். எவ்வளவு கெஞ்சியும் அவள் அதன் பின்சீட்டில் உட்காரவில்லை. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள விருத்தாசலத்திலேயே ஆள் கிடையாது.

லீவில் வந்திருந்தபோது ஒருநாள், செராமிக் கம்பெனி விட்டு வந்து விரலிடுக்கு மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"எபிரெயத்துல ரெகெவ்னு ஒரு வார்த்தை இருக்குதும்மா. ரதம்னு அர்த்தம். ஆனா சில எடத்துல ரதம் மட்டும் இல்ல, பூட்டின குதிர, ஏறி நிக்கிற ஆளு, எல்லாம் சேத்து அந்த ஒரே வார்த்தைதான்."

"அதுக்கு?"

"நீ ஏறாத வரைக்கும் என் வண்டி வெறும் இரும்புதாம்மா."

அவள் சிரித்துவிட்டாள். கம்பெனியில் பொம்மைகளுக்குக் கையும் தலையும் ஒட்டுவது அவள் வேலை. கை தனியாகக் கிடந்தால் அது பொம்மையில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் மகனிடம் தோற்க மனசு வரவில்லை.

அந்த வார்த்தையை வைத்தே பெண்ணாடம் சபையில் அவனுடைய முதல் பிரசங்கம். 2006 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "நீ முன்னால போ, நான் பஸ்ஸுல வரேன்" என்று அனுப்பிவிட்டாள். பஸ் தாமதம். அவள் போய்ச் சேர்ந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கோபிக்கவில்லை.

"பரவால்லம்மா. உனக்கு மட்டும் வூட்டுல முழுசா சொல்றேன். இப்பவாச்சும் ஏறு."

அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

அவன் பைக்கில் திரும்பிய வழியில், இருட்டில் பின்விளக்கு இல்லாமல் ஒரு கரும்பு டிராக்டர் ரோட்டில் நின்றிருந்தது. அவள் வீடு வந்து சோற்றைப் போட்டு மூடி வைத்துக் காத்திருந்தாள். பிள்ளை வரவில்லை, சேதிதான் வந்தது.

கோடையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பைக் திரும்பி வந்தது. ஒரு கண்ணாடி உடைந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "கண்ணு முன்னால நிக்க வேணாம், யாருக்காவது தள்ளி விட்டுடுங்க" என்று கணவன் சாமிக்கண்ணுவை நச்சரித்தாள். அவர் ஒரு ஆளைப் பிடித்து மறுநாள் காலையில் அழைத்து வந்தார்.

வந்தவர் சாவியைக் கேட்டார். அமுதவள்ளி உள்ளிருந்து எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்துச் சுவரைப் பிடித்து, நின்றிருந்த பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள முன்னால் முதுகு இல்லை. காலி சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

சாமிக்கண்ணு கிட்டே வந்தார். "எறங்கு வள்ளி. அவரு நிக்கிறாரு."

"செத்த இருங்க" என்றாள். "நான்தான் ஏறிட்டேனே. எனக்கு மட்டும் சொல்றேன்னான், சொல்லட்டும்."