மடையைத் திறந்த கை

பை நிறைய இறாலோடு வேதகிரியின் வீட்டுக்கு அக்கா வந்து இறங்கினாள். எல்லம்மாள் செய்யூர்ப் பக்கம் உப்பங்கழிக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அங்கே இறால் பண்ணையில் தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மூன்று மாதம் முன்பு அவன் அதை விட்டுவிட்டுச் சொந்த ஊரான உத்திரமேரூருக்கே கழனி வேலைக்குத் திரும்பிவிட்டான். உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். பொய் சொல்கிற வாய்க்குக் காரணமா கிடைக்காது!

"இத்த பாருடா. எந்த நாட்டு கடல்ல பொறந்ததோ, இப்போ கழி பூரா பண்ணையில வளக்கற இந்த வன்னாமி எறாதான் கீது. ஓட்டுல வெள்ள வெள்ளயா புள்ளி. இந்த நோவு ஒட்டிக்கினு, நம்ம எறால்லாம் செத்து மெதக்குது. நாள் பூரா தொழாவினாலும் கொழம்புக்குத் தேறல."

வேதகிரி பையை வாங்கி அடுப்போரம் வைத்தான்.

"பண்ணைக் காவக்காரன் ஆல்வின்தான் காவல்ல இருந்துக்கினு மதகைத் தொறந்து வுட்டுட்டானாம். வேலைய வுட்டுத் தொரத்திட்டாங்க. நானும் சும்மா வுடல. தொறந்த கை வெளங்காம பூடணும்னு அவன் வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன்."

மதகு திறந்த அன்று மதியம் ஆல்வின் சாப்பிடப் போயிருந்தான். காவலுக்கு வேதகிரியை நிறுத்திவிட்டுப் போனான். நோய் கண்ட குட்டை, மருந்து போடும்வரை சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மழை கொட்டித் தண்ணீர் கரையைத் தொட்டதும் வேதகிரியின் கைக்குக் கழனிதான் தெரிந்தது. வரப்பு உடையுமுன் மடையைத் திறந்து பழகிய கை அது. மதகுப் பலகையைத் தூக்கினான், இறால் தப்பாமல் கட்டியிருந்த வலையையும் பிடுங்கினான். இறால்கள் கழிக்குள் பாய்வதைக் கண்ட பிறகுதான் புத்தி வந்தது. அவசரமாக மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல நின்றான்.

எல்லம்மாள் குழம்பு வைத்துத் தட்டில் அள்ளிப் போட்டாள். "துன்னுடா. மன்ஷாளுக்கு ஒண்ணும் ஆவாதாம்."

சோற்றில் வைத்த கை எழவில்லை.

"அக்கா, ஆல்வின் இல்ல. நாந்தான் தொறந்தேன்."

அவள் அடித்திருந்தால் தேவலை. குழம்பு ஒட்டிய அவன் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீட்டி மடக்கிப் பார்த்தாள். "அடப்பாவி, இந்தக் கையவா நான் சபிச்சேன்!" என்று ஓவென அழுதாள்.

பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கைய கழுவு. ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஆல்வின் வூட்டுக்குப் போறோம். நான் தூத்தன மண்ண நானே கூட்டறேன். நடந்தத நீ உன் வாயால சொல்லு."

"சொல்றேன்க்கா. கழிக்குள்ள பூட்ட எறாவ இன்னா பண்றது?"

"மொதல்ல கைய கழுவு" என்று எல்லம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.